ஒரு மணிக்கு எல்லோரும் தூங்க வேண்டும்

எதிர் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. போன மாதம் வாசலில் நின்று பெருமையாகச் சொன்னாள்: "நாலே நாள்ல தனியாத் தூங்கப் பழகிட்டான் ஆன்ட்டி. கதவைச் சாத்திட்டு வந்துருவேன். முதல் நாள் ஒரு மணி நேரம் அழுதான். இப்ப சத்தமே இல்ல." அவளைப் பிடித்து உலுக்காத குறைதான். "சத்தம் இல்லேன்னா தூங்கிட்டான்னு உனக்கு யாரு சொன்னது?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டேன். அவள் முகம் செத்துப்போயிற்று. அன்றிலிருந்து என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறாள். போகட்டும். எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை. அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்த ஆள்மேலும் அவ்வளவாக இல்லை. இருபத்திரண்டு வயதில் கையில் ரூல்தடியை வைத்துக்கொண்டு, முப்பது பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் தூங்க வைத்துக் காட்டுகிறேன் பார் என்று நின்றாளே ஒருத்தி, அவள்மேல்தான். அவள் வேறு யாருமில்லை, நான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சிவகங்கைக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா, பெண்பிள்ளைக்கு ஏற்ற வேலை என்று என்னைப் பால்வாடி டீச்சர் பயிற்சிக்கு அனுப்பினார். பயிற்சி முடிந்ததும் ஒரு மாதர் சங்கம் நடத்திய பால்வாடியில் வேலை கிடைத்தது. காரைக்குடியில் பெரியம்மா வீட்டில் தங்கிக்கொண்டு, காலையில் பஸ் ஏறி மானகிரியைத் தாண்டி அந்தக் கிராமத்துக்குப் போய் வருவேன். பால்வாடிக்கென்று கட்டடம் கிடையாது. மதராஸில் குடியேறிவிட்ட ஒரு குடும்பம், பூட்டிக் கிடந்த தங்கள் பெரிய வீட்டின் முன்கூடத்தை மட்டும் எங்களுக்குத் திறந்துவிட்டிருந்தது. கூடத்தை ஒட்டி ஒரு சாமான் அறை. அதில் எங்கள் கோதுமை ரவை மூட்டையும் பால் பவுடர் டின்களும் இருந்தன.

பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப் பேர் வயல் வேலைக்குப் போவார்கள். பாதிப் பேர் ஆத்தங்குடிக்குப் போய்த் தரைக்கல் பட்டறைகளில் மணல் சலிப்பது, சிமெண்டு குழைப்பது, கல் சுமப்பது என்று நிற்பார்கள். காலை எட்டு மணிக்குப் பிள்ளையை இறக்கிவிட்டு ஓடுவார்கள். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை சேர்க்கலாம் என்று விதி. இரண்டு வயது நிறையாததும் ஒன்றிரண்டு வரும், நாங்கள் கண்டுகொள்ள மாட்டோம். காலையில் பாட்டு, விளையாட்டு. பன்னிரண்டு மணிக்கு உப்புமா. ஒரு மணிக்குத் தூக்கம்.

தூக்கம் என்றா சொன்னேன்? போலீஸ் கவாத்து என்று சொல்ல வேண்டும்.

சங்கத்தின் தலைவி ஊரில் பெரிய வீட்டு ஆச்சி. கணவரோடு மலேயாவில் சில வருஷம் இருந்து வந்தவர். அங்கே ஏதோ ஒரு சிசுப் பள்ளியில், வெள்ளை விரிப்புக் கட்டில்களில் பிள்ளைகள் வரிசையாகத் தூங்குவதைப் பார்த்திருக்கிறார். அந்தக் காட்சி அவர் மனசை விட்டுப் போகவில்லை. நல்ல மனுஷிதான், அதை மறைக்க மாட்டேன். முப்பது கோரைப் பாயைத் தன் வீட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியவர் அவர். ஆனால் அந்தப் பாயில் பிள்ளை எப்படிப் படுக்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்தார். எல்லாம் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்துக்கடியில் வைக்க வேண்டும். வாயில் விரல் போகக் கூடாது. பேச்சு கூடாது. மூன்று மணிக்கு மணி அடிக்கிற வரை எழுந்திருக்கக் கூடாது. ரிஜிஸ்தரில் 'தூங்கியவர்' என்று தனியாக ஒரு பத்தியே உண்டு. தினமும் அதில் நான் எண்ணிக்கை போட வேண்டும். வந்தவர் முப்பது, தூங்கியவர் முப்பது என்று போடுகிற நாளில் எனக்கு ஒரு தலைக்கனம் வரும் பாருங்கள், அதை நினைத்தால் இப்போது அசிங்கமாக இருக்கிறது.

ஏனென்றால் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுபோலவா தூங்கும்? ஒருவனுக்கு முதுகில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கையை எடுத்தால் முழித்துக்கொள்வான். ஒருத்தி குப்புறப் படுத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தன்னைத் தானே தூங்க வைத்துக்கொள்வாள். அவளை நான் புரட்டி இடது பக்கமாகப் போடுவேன். அவள் திரும்பக் குப்புற விழுவாள். நான் திரும்பப் புரட்டுவேன். நாலரை வயதுப் பையன் ஒருவனுக்குப் பகல் தூக்கம் என்பது என்றைக்கோ நின்றுபோயிருந்தது. இரண்டு மணி நேரமும் கூரையைப் பார்த்துக்கொண்டு, கட்டை விரலை மற்ற விரலால் சுரண்டிக்கொண்டே கிடப்பான். விரலெல்லாம் புண். இதையெல்லாம் நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன், எனக்கு உறைக்கவில்லை. என் கண்ணுக்கு அவர்கள் பிள்ளைகளாகத் தெரியவில்லை, ஒழுங்காக வராத வரிசையாகத் தெரிந்தார்கள்.

பதினோரு பிள்ளைகள் துணியோடு வரும். எல்லாம் அம்மாவின் பழைய சேலைக் கிழிசல். வீட்டில் அந்தச் சேலையில்தான் தொட்டில் கட்டியிருப்பார்கள். தொட்டிலை விட்டு இறங்கின பிள்ளை, சேலையை விட்டு இறங்காது. நைந்துபோனதில் ஒரு முழத்தைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள், அதுவும் அதை இழுத்துக்கொண்டே திரியும்.

அப்படி வந்த பிள்ளைகளில் ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பெண் குழந்தை, இரண்டரை வயது இருக்கும். அம்மாவுக்கு ஆத்தங்குடிப் பட்டறையில் மணல் சலிக்கிற வேலை. அவளுக்கு என் வயதுதான். அந்தப் பிள்ளை ஊதா நிறக் கிழிசல் ஒன்றைக் கையில் வைத்திருக்கும். அதன் கரையை மூக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டே மூன்று நிமிஷத்தில் தூங்கிவிடும். எனக்கு ஒரு நாளும் தொந்தரவு கொடுத்ததில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். தொந்தரவு முழுக்க நான் கொடுத்தது.

ஒரு புதன்கிழமை ஆச்சி வந்தார். படுத்திருந்த பிள்ளைகளின் கையில் இருந்த துணிகளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்ன டீச்சர் இது, ஒரே கந்தலாக் கெடக்கு! அடுத்த வெள்ளிக்கெழமை சிவகங்கையில இருந்து அதிகாரிகள்லாம் பாக்க வாராக. இதையெல்லாம் அங்குட்டுத் தூக்கிப் போடுங்க."

தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. அதனால் அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். சனிக்கிழமை மதியம் பதினோரு துணியையும் மூட்டையாகக் கட்டிச் சலவைக்குப் போட்டேன். எவ்வளவு நல்ல யோசனை, ஆச்சிக்கும் சுத்தம், பிள்ளைக்கும் துணி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். திங்கட்கிழமை மூட்டை திரும்பி வந்தது. வெள்ளாவியில் வைத்து, நீலமும் கஞ்சியும் போட்டு, மடித்து, ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் சலவைக் குறி வைத்து, ஆபீசர் வேட்டிபோல வந்து நின்றன அந்தக் கிழிசல்கள்.

அந்தப் பிள்ளையிடம் அதன் துணியைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தது. திருப்பிப் போட்டு இன்னொரு பக்கம் முகர்ந்தது. பிறகு என்னிடமே நீட்டியது.

"அம்மா துணி?" என்று கேட்டது.

"இதுதாண்டா அம்மா துணி."

"இல்ல."

அது சொன்னதுதான் சரி. அதற்கு அம்மா என்றால் வியர்வை, அடுப்புப் புகை, சிமெண்டுத் தூள், பழைய பால் எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. அதைத்தான் நான் சோடாவில் ஊறவைத்துத் துவைத்துப் போக்கியிருந்தேன். படித்தவள் செய்கிற காரியம் இது. படிக்காத எந்தத் தாயாவது பிள்ளையின் தூங்குகிற துணியை வெள்ளாவிக்குப் போடுவாளா? மற்றப் பத்துப் பிள்ளைகளும் சிணுங்கிச் சிணுங்கி அடங்கின. இது அடங்கவில்லை. ஒரு மணி ஆனதும் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "அம்மா துணி, அம்மா துணி" என்று வாசலைப் பார்த்து அழ ஆரம்பித்தது. பக்கத்துப் பாய் முழித்தது. அதற்கடுத்த பாயும் முழித்தது. அன்று ரிஜிஸ்தரில் தூங்கியவர் பதினேழு என்று எழுதினேன். வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

எங்களுக்குச் சமைக்க ஓர் ஆயா இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேச மாட்டாள். "நான் மடியில போட்டுக்கிறேன் டீச்சர், அஞ்சு நிமிசம் போதும்" என்றாள்.

"ஒரு பிள்ளையை மடியில போட்டா முப்பதும் மடி கேக்கும். பழக்கிக் கெடுக்காதீங்க" என்றேன்.

பழக்குவது, பழக்கிக் கெடுப்பது! பயிற்சியில் கற்றுக்கொண்ட வார்த்தைகள் இவை. அழுகிற பிள்ளையைத் தூக்கினால் அழுகைக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும், விட்டுவிட்டால் தானே அடங்கிவிடும் என்று எங்களுக்குப் பாடம் நடத்திய அம்மாள் சொல்லியிருந்தார். நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். இரண்டரை வயதுக்கு நேரம் தெரியாது, அம்மா சாயந்தரம் வருவாள் என்பதைக்கூட அது மனசில் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, அதனால்தான் ஒரு முழம் துணியைப் பிடித்துக்கொள்கிறது என்று எந்தப் பாடத்திலும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமான் அறையில் பாய் விரித்துப் படுக்க வைத்தேன். "அழுகை நின்னாத்தான் கதவு தொறக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாத்தினேன். தேக்குக் கதவு அது, அந்தக் காலத்து வீட்டுக் கதவு. சாத்தினால் பாதிச் சத்தம்தான் வெளியே வரும். எனக்கு அது வசதியாக இருந்தது. பிள்ளை ஒரு மணி நேரம் அழுதது. கதவைத் தட்டியது. தின்ற உப்புமாவை எல்லாம் கக்கியது. ஆயா போய்த் துடைத்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்க்காமல் பாத்திரம் கழுவினாள். புதன்கிழமை அரை மணி நேரம் அழுதது. வியாழக்கிழமை நான் அறைப் பக்கம் விரலை நீட்டினேன், அதுவே நடந்து போனது. பாயில் இடது பக்கமாகப் படுத்தது. இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டது. கதவைச் சாத்தினேன். ஒரு சத்தம் இல்லை.

அன்று சாயந்தரம் பெரியம்மாவிடம் வாய் ஓயாமல் பேசினேன். "மூணே நாள் பெரியம்மா! எப்பேர்ப்பட்ட பிள்ளையும் பழகிரும்." பெரியம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "நீ ஏழு வயசு வரைக்கும் ஒங்க அம்மா காதைப் பிடிச்சுக்கிட்டுத்தான தூங்குவ? அவ காது மடல் புண்ணாப் போயி, கம்மலைக் கழட்டி வச்சிட்டுத் திரிஞ்சா." நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். எனக்கு அப்போதாவது சுரீர் என்றிருக்க வேண்டாமா? இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆச்சி வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறையப் பூந்தி வந்தது. விசேஷ நாள் என்று பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி கொடுத்து, தின்று முடித்ததும் படுக்க வைத்தோம். அன்றைக்கு அந்தப் பிள்ளையையும் கூடத்தில் எல்லோரோடும் சேர்த்து மூன்றாவது வரிசையில் படுக்க வைத்தேன். கொஞ்சம்கூடச் சிணுங்கவில்லை. ஒன்றரை மணிக்குக் கார் வந்து நின்றது. இரண்டு அதிகாரிகள், நாலைந்து பெண்கள், முன்னால் ஆச்சி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல மெல்ல உள்ளே வந்தார்கள். முப்பது பிள்ளைகள், முப்பது பாய், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. "அடடா" என்றார் ஒரு அதிகாரி. ஆச்சி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் எறும்பைப் பார்த்தேன். தூணடியிலிருந்து செவ்வெறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று பார்த்தேன். மூன்றாவது வரிசைக்குப் போனது. அந்தப் பிள்ளை பூந்தியைத் தின்னாமல் கைக்குள் மூடி வைத்திருந்தது. கன்னத்துக்கடியில் இருந்த அந்தக் கையைச் சுற்றிலும் எறும்பு. மணிக்கட்டில் எறும்பு. கழுத்தில் எறும்பு. பிள்ளை தூங்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு கடிக்கும் தோள் துள்ளியது. கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து பாய் நனைந்திருந்தது. வாயிலிருந்து ஒரு சத்தம், ஒரு முனகல்? கிடையாது.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன் என்று எழுத எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா? நான் தூக்கவில்லை. இப்போது தூக்கினால் இது வீறிடும், வீறிட்டால் முப்பதும் எழுந்துவிடும், வந்தவர்கள் முன்னால் மானம் போய்விடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். அதிகாரி பால் பவுடர் ஒதுக்கீட்டைப் பற்றித் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பதில் சொன்னேன். இன்னொரு அம்மாள் எனக்கு எந்த ஊர் என்று விசாரித்தாள். சிவகங்கை என்று சொல்லிச் சிரித்தேன். என் கண் மட்டும் அந்தக் கழுத்தை விட்டு நகரவில்லை. சோறு கொதி வந்து அடங்குகிற நேரம் இருக்கும். அதற்கு மேலும் இருக்கலாம். அவ்வளவு நேரமும் நான் நின்றேன், அது படுத்துக் கிடந்தது.

கார் கிளம்பின சத்தம் கேட்டதும் பாய்ந்து தூக்கினேன். கையை விரித்துப் பூந்தியைத் தட்டிவிட்டு, எறும்பை உதறி உதறி எடுத்தேன். கையும் கழுத்தும் தடித்துச் சிவந்து கிடந்தன. அப்போதும் அது அழவில்லை. என் முகத்தைப் பார்த்து, ரகசியம்போலச் சொன்னது: "பாப்பா தூங்குது டீச்சர்."

ஆயா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். நான் பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டுச் சாமான் அறைக்குள் போய் நின்றேன். தப்பு செய்துவிட்டேன் என்று அழுதேனா? இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பாடம் நடத்திய அம்மாள்மேல், ஆச்சிமேல், அந்தக் கதவின்மேல். எல்லோர்மேலும் வந்து முடிந்தபிறகு, கடைசியாக வர வேண்டிய இடத்துக்கு வந்தது. அது அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை.

ஐந்தரை மணிக்கு அம்மா வந்தாள். தலைமுடியெல்லாம் சிமெண்டுத் தூள். பிள்ளையின் கையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன டீச்சர் இது?"

"எறும்பு கடிச்சிருச்சு."

"இம்புட்டுக் கடிக்கிற வரைக்கும் பாக்கலையா? அழுதிருக்குமே, ஒங்க காதுல விழுகலையா?"

"அழல."

"அழுகலையா?" அவளுக்குப் புரியவில்லை. "கொசு கடிச்சாலே ஊரைக் கூட்டுமே இவ. எறும்பு மொய்ச்சு அழுகாத புள்ளையும் இருக்கா?"

ஆயாதான் சொன்னாள். "அழுகக் கூடாதுன்னு டீச்சர் உள்ள போட்டுச் சாத்துனாக. மூணு நாளு."

அவள் கத்துவாள், கையை ஓங்குவாள் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "ரெண்டு நாளா வீட்டுலயும் ஏன் ஒரு சத்தமும் இல்லாம கெடக்குன்னு நான் மண்டையை ஒடைச்சுக்கிட்டு இருந்தேன். பசின்னுகூடக் கேக்கல" என்றாள். "பாத்துக்கங்கன்னுதான டீச்சர் விட்டுட்டுப் போனேன். அழுகாத புள்ளை வேணும்னு நானா கேட்டேன்?" பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை.

ரூல்தடியை ஆயாவின் அடுப்பில் வைத்தேன். அவள் ஊதிவிட்டாள். மறுநாள் காலையில், பிள்ளையை இறக்கிவிட்டு ஓடுகிற ஒவ்வொரு தாயையும் வாசலில் மறித்து நிறுத்தினேன். "ஒங்க பிள்ளை வீட்ல எப்படித் தூங்கும்?" என்று கேட்டேன். டீச்சருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று பார்த்தார்கள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இவனுக்கு உள்ளங்காலைத் தடவிவிடணும். இவளுக்குப் பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டே இருக்கணும், அமைதியாக இருந்தால் பயந்துக்குவா. இது பகலில் தூங்கி ஒரு வருஷம் ஆச்சு டீச்சர், இங்கே தூங்குதுன்னு சொல்றீகளே, நிசமாவா? இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் என் படிப்பு குறைந்தா போயிருக்கும்?

சுத்தமான துணி வேண்டாம், நேற்றுக் கட்டின சேலையில் கிழித்துக் கொடுங்கள் என்றேன். கூடத்து உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கிகள் சும்மா தொங்கின. சின்னப் பிள்ளைகளுக்கு அதில் தொட்டில் கட்டினோம். தூக்கம் வராதவர்களை வேப்பமரத்தடி மணலுக்கு அனுப்பினேன், அந்த விரல் சுரண்டுகிற பையன்தான் முதல் ஆளாக ஓடினான். தூங்குகிறவர்கள் குப்புற விழுந்தோ, விரல் சப்பிக்கொண்டோ, ஆயாவின் மடியிலோ தூங்கினார்கள். ஒருவன் அழுதால் தூக்கினோம். ஒருவனைத் தூக்கினால் முப்பது பேரும் கேட்பார்கள் என்று சொன்னேனே, அப்படி ஒன்றும் யாரும் கேட்கவில்லை. தேவைப்பட்டவன் கேட்டான், மற்றவன் தன் வேலையைப் பார்த்தான். இதில் கம்ப சூத்திரம் ஒன்றுமில்லை. அம்மாக்களுக்கெல்லாம் தெரிந்ததுதான், எனக்குத்தான் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஆச்சி வந்தார். தொட்டில்களையும் மணலில் விளையாடுகிறவர்களையும் பார்த்துவிட்டு, "இது என்ன டீச்சர், பால்வாடியா சந்தைக்கடையா?" என்றார். ரிஜிஸ்தரைப் புரட்டினார். "பதினாலு பேருதான் தூங்குறாக?"

"ஆமா ஆச்சி. மத்தவங்களுக்குத் தூக்கம் வரல."

பிறகு அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை, ஒன்றுவிடாமல், நான் நின்றுகொண்டிருந்ததையும் சேர்த்துச் சொன்னேன். யாரிடமாவது சொல்லித் திட்டு வாங்க வேண்டும்போல இருந்தது. ஆச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். "பாவம் புள்ள" என்றார். பிறகு, "இருந்தாலும், வந்தவுக முன்னால ஒரு சத்தம் வராம சமாளிச்சீக பாருங்க, அதைச் சொல்லணும்" என்றார்.

பாராட்டு! எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. "அதைச் சொல்லாதீங்க ஆச்சி! இனி ஒரு தடவை அதைச் சொல்லாதீங்க! ஒங்களுக்கு வரிசை வேணும்னா முப்பது பொம்மை வாங்கிப் படுக்கப் போடுங்க. இங்க இருக்கிறது பிள்ளைக" என்று கூடமே அதிரக் கத்தினேன். தொட்டிலில் இருந்த இரண்டு பிள்ளைகள் முழித்து அழுதன. ஆச்சி செருப்பை மாட்டிக்கொண்டு போனார். என்னை வேலையை விட்டு நீக்குவார் என்று நினைத்தேன். நீக்கவில்லை. பஸ் இரண்டே வேளை வருகிற அந்த ஊருக்கு வேறு டீச்சர் கிடைக்க மாட்டாள், காரணம் அவ்வளவுதான்.

எல்லாம் மாறியது, அந்தப் பிள்ளை மட்டும் வரவில்லை. அதற்காக மாற்றினதை அது பார்க்க வேண்டாமா? ஒரு சனிக்கிழமை மதியம் நேராக ஆத்தங்குடிக்குப் போனேன். பட்டறையைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தேன். கீற்றுக் கொட்டகை. ஒரு பக்கம் அச்சில் கல் அடித்துக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் தொட்டித் தண்ணீரில் கல்லை இறக்கிக்கொண்டிருந்தார்கள், எங்கே பார்த்தாலும் தூசி. அந்த அம்மா சல்லடையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும், "வெயில்ல வந்திருக்கீக, தண்ணி குடிங்க" என்று செம்பை நீட்டினாள்.

குடித்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். இப்போது கதவு சாத்துவதில்லை, தொட்டில் கட்டியிருக்கிறோம், நீங்கள் கட்டின சேலையையே கொடுங்கள், துவைக்க மாட்டேன், இந்தத் தூசியில் பிள்ளைக்கு இருமல் வந்துவிடும், என்னை நம்பி ஒரு தடவை அனுப்புங்கள் என்றேன். அவள் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"இங்க வச்சுக்கிட்டு எனக்கும் பாடுதான் டீச்சர். மேஸ்திரி தெனம் பேசுறாரு. அவ வாரேன்னு சொன்னா கூட்டிட்டுப் போங்க. முழிச்சுத்தான் கெடக்கா. இப்ப ஒரு வாரமாத்தான் பழையபடி வாயைத் தொறந்து அழுகுறா, கத்துறா."

கொட்டகையின் கடைசியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே சேலைத் தொட்டில் தொங்கியது. கிட்டே போகப் போக, உள்ளே இருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. நான் பால்வாடியில் சொல்லிக் கொடுத்த நிலாப் பாட்டுதான், பாதி வார்த்தை தப்பும் தவறுமாக. ஒரு சின்னக் கால் தொட்டிலுக்கு வெளியே நீட்டித் தாளம் போட்டது. என் பாட்டைப் பாடுகிறதே, என்னை மறக்கவில்லையே என்று ஒரு சந்தோஷம். சேலையை விலக்கி, சிரித்த முகமாக எட்டிப் பார்த்தேன்.

பாட்டு நின்றது. ஒரு கணம் என்னைப் பார்த்தது. வெளியே இருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டது. இடது பக்கமாகத் திரும்பிப் படுத்து, இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்துக்கடியில் வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

"ஏத்தா, டீச்சர் வந்திருக்காக, பாரு" என்று அம்மா அதன் தோளைத் தொட்டாள். அது அசையவில்லை. அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள், கீழுதட்டைப் பல்லால் கடித்திருப்பதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க போயிருங்க டீச்சர்" என்றாள். "நீங்க போனாத்தான் அவ கண்ணைத் தொறப்பா."